சத்ய மார்க் மாலாடு

எங்கள் வீட்டு மாலாட்டைத் 'திருநெல்வேலி மாலாடு' என்று சொல்பவர்கள் எல்லாம் டில்லிக்காரர்கள். திருநெல்வேலிப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் யாரும் அந்தப் பெயரை ஒத்துக்கொண்டதில்லை. பாளையங்கோட்டை அத்தை வீட்டில் அதற்கு 'டில்லி உருண்டை' என்றுதான் பெயர். நிறம் கொஞ்சம் கறுப்பு, வாசனை வேறு, வாயில் கரைகிற விதமும் வேறு. ஆச்சி, எங்கள் பாட்டி, தன் கையால் செய்தது என்பதால் யாரும் குறை சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அது எப்படி அப்படி ஆனது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். தாமிரபரணிக் கரைக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு. சாணக்யபுரியில், சத்ய மார்க் அரசாங்கக் குவார்ட்டர்ஸின் முதல் மாடிச் சமையலறையில் உருவான பலகாரம் அது.

சாணக்யபுரி என்றதும் வெளியூர்க்காரர்களுக்குத் தூதரகங்கள்தான் நினைவுக்கு வரும். 1950களில் வெளிநாட்டுத் தூதரகங்களுக்கென்றே ஒதுக்கி உருவாக்கிய பகுதி. சாந்தி பத் என்ற அகலச் சாலை, இரண்டு பக்கமும் புல்வெளி, மதிலுக்கு மேலே விதவிதமான கொடிகள். எட்வர்ட் ட்யூரல் ஸ்டோன் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1959இல் திறந்த அமெரிக்கத் தூதரகத்தைப் பார்க்கவே ஊரிலிருந்து வந்த மாமாக்களை அப்பா கூட்டிப்போவார். ஆனால் அந்தக் கொடிகளுக்குப் பின்பக்கம் எங்களைப் போன்றவர்களும் இருந்தோம். மத்திய அரசு அலுவலகங்களில் கோப்பு தள்ளுகிறவர்களின் வரிசை வீடுகள், வெள்ளையடித்த சுவர்கள், பின்கட்டில் துணி காயும் கொடிகள். தெருக்களின் பெயர் மட்டும் பெரிசு: சத்ய மார்க், விநய மார்க், நீதி மார்க், நியாய மார்க். "சத்தியத்துல குடியிருக்கோம், விநயத்துல பஸ் ஏறுதோம், இன்னும் என்ன வேணும்?" என்பார் அப்பா. சினிமாவுக்கு யஷ்வந்த் பிளேஸில் 1970இல் திறந்த சாணக்யா தியேட்டர். சாமிக்கு ஆர்.கே.புரம் மலை மந்திர். அங்கே சுவாமிநாத சுவாமிக்குக் கும்பாபிஷேகம் ஆனது 1973இல்.

அதற்கு அடுத்த வருஷம்தான் ஆச்சி வந்தாள். தாத்தா இறந்து திவசம் முடிந்த பிறகு, அப்பா போய்க் கூட்டி வந்தார். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் அப்போது இல்லை. அது 1976இல் வந்தது. திருநெல்வேலியிலிருந்து மெட்ராஸுக்கு மீட்டர் கேஜ் ரயில், அங்கிருந்து ஜி.டி. எக்ஸ்பிரஸ், ரயிலிலேயே இரண்டு ராத்திரி. ஆச்சியின் சாமான்களில் ஒரு பித்தளை ஆழாக்கும், மாவு சலிக்கிற வெள்ளைத் துணியும் இருந்தன. சல்லடை எங்கேயும் கிடைக்கும், துணி கிடைக்காது என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. பழைய மல் வேட்டி அது, தாத்தாவுடையது.

வந்த முதல் ஐப்பசியில் அம்மாவிடம் சொன்னாள்: "எண்ணெய்ப் பலகாரம் எல்லாம் நீ சுட்டுக்கோ. மாலாடு நான் பிடிக்கேன்."

மாலாட்டில் சமையல் என்று பெரிதாக ஒன்றுமில்லை. பொரிகடலை மாவு, பொடித்த சீனி, நெய், ஏலக்காய், வறுத்த அண்டிப்பருப்பு. பொட்டுக்கடலையை நாங்கள் பொரிகடலை என்போம், முந்திரியை அண்டிப்பருப்பு. பாகு கிடையாது, கிளறல் கிடையாது. நெய்யைச் சூடாக்கவும் பருப்பை வறுக்கவும்தான் அடுப்பு. அந்தக் காலத்து டில்லியில் இது சின்ன விஷயம் இல்லை. கேஸ் சிலிண்டர் தீர்ந்தால் அடுத்தது எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அது பண்டிகை வாரம் பார்த்துத்தான் தீரும். மண்ணெண்ணெய் ஸ்டவ்வை இறக்கித் திரி திருத்திக்கொண்டு அம்மா முறுக்குச் சுடுவாள், கண் எரியும். ஆச்சி மட்டும் முற்றத்து வெயிலில் காலை நீட்டி உட்கார்ந்து துணியில் மாவு சலித்துக்கொண்டிருப்பாள்.

எங்கள் பிளாக்கில் பஞ்சாபிக் குடும்பங்களுக்கு வேறு வழி இருந்தது. மைதா, நெய், சீனி எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே தூக்கிக்கொண்டு பேக்கரிக்குப் போவார்கள். அங்கே பிசைந்து, தட்டி, பெரிய அடுப்பில் வேகவைத்துத் தருவார்கள். கூலி மட்டும் கொடுத்தால் போதும். கொண்டுபோன தகர டப்பா நிறைய நான்கத்தாயும் பிஸ்கட்டும் ஏற்றிக்கொண்டு சைக்கிளில் திரும்புவார்கள். படிக்கட்டு பூராவும் மணக்கும். எனக்கும் தம்பிக்கும் அதில் பெரிய ஏக்கம். அப்பா ஒருமுறை மெதுவாகப் பேச்சை எடுத்துப் பார்த்தார். ஆச்சி முதலில் கேட்டது முட்டை பற்றி. அதே அடுப்பில்தான் கேக்கும் வேகும் என்று தெரிந்ததும் அந்தப் பேச்சு முடிந்தது. சைவ வீட்டுப் பிடிவாதம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், நம் சாமானை யாரோ ஒருத்தன் அடுப்பில் விட்டுவிட்டு வெளியே பெஞ்சில் காத்திருப்பது அவளுக்குப் புரியவே இல்லை. "அவன் எப்ப எறக்குதான்னு நமக்கு எப்படித் தெரியும்?" என்றாள். நல்ல கேள்விதான்.

முதல் வருஷம் பொரிகடலையில் சிக்கல் வந்தது. பக்கத்து மார்க்கெட்டில் இருந்ததெல்லாம் தோலோடு வறுத்த கடலை. 'புனா சனா' என்று காகிதப் பொட்டலத்தில் மடித்துத் தருவார்கள். அப்பா கரோல் பாக் வரை பஸ்ஸில் போய்த் தென்னிந்தியச் சாமான் விற்கிற கடையிலிருந்து பொட்டுக்கடலை வாங்கி வந்தார். ஆச்சி ஒன்றை வாயில் போட்டு மென்றாள். காறல். எத்தனை மாசம் மூட்டையில் கிடந்ததோ! மாலாட்டில் இதை மறைக்க முடியாது. வறுபடுகிற, பாகில் கொதிக்கிற பலகாரமாக இருந்தால் பழைய வாசனை கொஞ்சம் அடங்கும். இதில் மாவு எப்படி உள்ளே போகிறதோ அப்படியே வாய்க்கு வருகிறது.

சீனியும் தகராறு செய்தது. ரேஷன் சீனி கல் கல்லாக இருக்கும். ஊரில் ஏந்திரத்தில் அரைத்துக்கொள்வாள். இங்கே கோதுமை அரைக்கிற சக்கிக்காரர் சீனியைப் பார்த்ததுமே கையை ஆட்டினார். கல் சூட்டில் சீனி இளகி ஒட்டிக்கொள்ளும், பிறகு கல்லைக் கொத்தித்தான் எடுக்க வேண்டும். அவர் சொன்னது நியாயம். கடலை அரைத்துத் தரத் தயாராக இருந்தார், ஆனால் அதற்கு முன்னால் அரைத்தவர்களின் கோதுமை மாவு நம் கடலை மாவோடு கலந்துதான் வரும். ஊர் மில்லில் யார் என்ன அரைத்தார்கள் என்று கேட்டு வரிசையில் நிற்பாள் ஆச்சி. இங்கே கேட்க அவளுக்குப் பாஷை இல்லை. அந்த வருஷம் அம்மியில் சீனியைப் பொடித்து, காறல் கடலையில் பாதியைக் கழித்துவிட்டு, ஏதோ செய்தாள். சாமிக்கு வைத்தாள். யாருக்கும் கொடுத்தனுப்பவில்லை.

விடை, எங்கள் பிளாக்குக்குக் கீழே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தது.

டில்லிக் குவார்ட்டர்ஸ் எங்கும் இப்படி ஒருவர் இருப்பார்: மரத்தடியில் மேஜை போட்டு, கரி இஸ்திரிப் பெட்டியால் காலனித் துணிகளைத் தேய்ப்பவர். எங்கள் பிளாக்குக்காரர் பிஹாரிலிருந்து வந்தவர். மத்தியானம் வேலையை நிறுத்திவிட்டு ஒரு தட்டில் ஏதோ மாவைக் கொட்டி, வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு போட்டுத் தண்ணீர் தெளித்துப் பிசைந்து சாப்பிடுவார். ஆச்சி வெயிலுக்காகக் கீழே இறங்கி உட்கார ஆரம்பித்த குளிர்காலத்தில்தான் அதைக் கவனித்தாள். வாசனை அவளை எழுப்பியிருக்க வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்த என்னைக் கூப்பிட்டு, "ஏளா, அந்த மனுசன் என்ன மாவு திங்கான்னு கேளு" என்றாள்.

சத்தூ என்றார் அவர். ஒரு பிடி அள்ளி ஆச்சியின் உள்ளங்கையில் வைத்தார். ஆச்சி மோந்து பார்த்தாள், நுனி நாக்கில் வைத்தாள், என்னைப் பார்த்தாள். "பொரிகடலை மாவுல்லா இது!"

கிட்டத்தட்ட அதேதான். இரண்டுக்கும் மூலம் அதே சின்னக் கறுப்புக் கொண்டைக்கடலை. நம்மூரில் அதை நனைத்து, சூட்டு மணலில் வறுத்து, தோல் நீக்கி உடைத்தால் பொட்டுக்கடலை. பிஹாரிலும் மணலில் வறுத்துத்தான் அரைக்கிறார்கள். தோலை அவ்வளவு கறாராக நீக்குவதில்லை, வறுப்பும் ஒரு படி கூட. சில இடங்களில் பார்லியும் சேர்ப்பார்கள். அதனால் நிறம் மங்கல், வாசனை கனம். கோடையில் உப்பும் எலுமிச்சையும் போட்டுக் கரைத்துக் குடிப்பார்கள், லிட்டி என்ற கோதுமை உருண்டைக்கு உள்ளே வைத்துச் சுடுவார்கள், சித்திரை பிறக்கும் சமயத்தில் சத்தூ சாப்பிடுவதற்கென்றே ஒரு பண்டிகையும் அங்கே உண்டு. ஆனால் அதில் இனிப்பு உருண்டை பிடிக்கலாம் என்று ஆச்சி சைகையில் காட்டியபோது இஸ்திரிக்காரர் சிரித்தார். அவர் ஊரிலிருந்து யாராவது ரயிலில் வரும்போது ஒரு மூட்டை வரும். அடுத்த ஐப்பசிக்கு அதில் நமக்கும் ஒரு பங்கு என்று பேச்சாயிற்று. பணம் வாங்க மறுத்தார். அம்மா ஒரு புதுத் துண்டு கொடுத்தாள்.

கௌடில்ய மார்க்கில் தமிழ்நாடு இல்லமும் பிஹார் பவனும் ஒரே சாலையில்தான் இருக்கின்றன. எத்தனையோ தடவை அந்தச் சாலையில் நடந்திருக்கிறேன். இரண்டு மாநிலத்து அதிகாரிகளும் அமைச்சர்களும் வந்து தங்கிப் போகிற கட்டடங்கள். இவர்கள் தின்கிற மாவும் அவர்கள் தின்கிற மாவும் ஒன்று என்று அங்கே யாருக்கும் தோன்றியிருக்குமா தெரியவில்லை. எழுத்துக்கூட்டி இந்தி படிக்கத் தெரியாத ஆச்சிக்கு ஒரு பிடி மாவில் தெரிந்துவிட்டது.

சீனிப் பிரச்சினையை மேல்வீட்டு அம்மாள் தீர்த்துவைத்தார். மதுராக்காரர். அம்மா அவரை பெஹன்ஜி என்பாள். ஆச்சிக்கு அவர் 'மாடி வீட்டம்மா'. அவர்கள் வீட்டு பேசன் லட்டுக்குச் சாதாரணச் சீனி போடமாட்டார்கள், பூரா போடுவார்கள். சீனிப் பாகைக் காய்ச்சி அழுக்கு எடுத்து, கெட்டியாகும்போது விடாமல் தேய்த்துக் கிளறினால் பொலபொலவென்று பொடியாக உதிரும், அதுதான் பூரா. மிக்ஸியில் அரைத்த சீனி மாதிரி ஈரம் இழுத்துக் கட்டி தட்டாது. வட இந்திய மளிகைக் கடைகளில் மூட்டையாகவே இருக்கும். ஆச்சி அதை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்துவிட்டு, ஊரில் இத்தனை வருஷம் ஏந்திரம் சுற்றியதை நினைத்து ஒரு பெருமூச்சு விட்டாள்.

அந்த அம்மாளுக்கு ஆச்சியின் முறையைப் பார்த்து ஒரே திகில். பேசன் லட்டுக்கு மாவை நெய்யில் அரைமணி நேரமாவது சிறு தீயில் வறுக்க வேண்டும், இல்லாவிட்டால் பச்சை வாசனை அடிக்கும், வயிறு கெடும். ஆச்சியோ மாவை அடுப்பில் ஏற்றவே இல்லை. "கச்சா? கச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இந்த மாவு ஏற்கெனவே வறுபட்ட கடலை என்று அம்மா விளக்கிய பிறகும், தட்டில் வைத்துக் கொடுத்த முதல் உருண்டையைக் கொஞ்சம் கிள்ளி, கணவரிடம் கொடுத்துத் தின்னவைத்துப் பார்த்துவிட்டுத்தான் தான் தின்றார்.

இனி உருண்டை பிடிப்பது. என் கை இதில் பழகியது அங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஊரில் தீபாவளி மழைக்காலம். காற்றெல்லாம் ஈரம். பொட்டுக்கடலை நமத்துவிடும் என்று அரைப்பதற்கு முன் வெறும் சட்டியில் சூடு காட்டுவார்கள். மாவு கொஞ்சம் ஈரம் இழுத்திருப்பதால் நெய் குறைவாகவே வாங்கும், உருண்டை தானாக ஒட்டும். டில்லியில் தீபாவளிக்குக் காற்று காய்ந்து கிடக்கும், உதடு வெடிக்கத் தொடங்கும் பருவம். சாயங்காலம் ஆனால் நெய் கிண்ணத்திலேயே உறையும். ஊர் அளவில் நெய் விட்டால் மாவு கையில் மணலாக நின்றது. எல்லா நெய்யையும் ஒரேயடியாக மாவில் ஊற்றினால், பத்து உருண்டை பிடிப்பதற்குள் மீதி மாவு குளிர்ந்து இறுகிவிடும். பிறகு பிடித்தால் விரிசல் விடும். கூட நெய் ஊற்றினாலோ, பிடிக்கும்போது அழகாக நிற்கிற உருண்டை மறுநாள் வெயிலில் அடிப்பக்கம் சப்பையாகிவிடும்.

அதனால் ஆச்சி முறையை மாற்றினாள். தாம்பாளத்தில் மாவைக் குவித்து, ஒரு ஓரத்தில் மட்டும் குழி பறித்து, அதில் காய்ந்த நெய்யை ஒரு சின்னக் கரண்டி விடுவாள். சுற்றி உள்ள மாவை அதில் தள்ளி, ஒரு பிடி அளவுக்கு மட்டும் பிசறி, சூடு ஆறுவதற்குள் அழுத்துவாள். உருட்டுவது கடைசியில்தான், அதற்கு முன் விரல்களை மடக்கி, உள்ளங்கையோடு சேர்த்து, நான்கைந்து முறை இறுக்க வேண்டும். உள்ளே இருக்கிற காற்று வெளியேறும்வரை இறுக்காமல் மேலே மட்டும் வழவழப்பாக்கினால் கடித்தவர் சட்டையெல்லாம் மாவு. நெய்ச் சட்டி பக்கத்திலேயே கும்முட்டியில் இளஞ்சூட்டில் இருக்கும். அடுத்த குழி, அடுத்த கரண்டி. நானும் தம்பியும் எதிரே உட்கார்ந்து எங்கள் பங்குக்குப் பிடிப்போம். குழந்தைகள் கை எப்போதும் சூடாக இருக்கும் என்று எங்களை வேலைக்கு வைத்தாள். குளிரில் அது உண்மையாகவே உதவியது. தம்பியின் உருண்டைகள் எலுமிச்சங்காய் அளவில் தொடங்கி நெல்லிக்காயில் முடியும்.

நெய் வீட்டில்தான் உருக்குவோம். அமுல் வெண்ணெயில் உப்பு இருக்கும் என்பதால் சரோஜினி நகர்ப் பக்கமிருந்து உப்பில்லாத வெள்ளை வெண்ணெய். இறக்குகிற நேரத்தில் ஒரு கொத்து முருங்கைக்கீரை போடுவாள். குவார்ட்டர்ஸ் பின்பக்கம் ஒரு முருங்கை மரம் நின்றது. எங்களுக்கு முன்னால் குடியிருந்த யாரோ ஒரு தமிழ்க் குடும்பம் நட்டுவிட்டு மாற்றலாகிப் போயிருக்க வேண்டும்.

அளவும் மாறிப்போயிற்று. பித்தளை ஆழாக்கால் ஊரில் மாவும் பொடித்த சீனியும் சரிக்குச் சரி. பூரா இலேசு, ஆழாக்கு நிறைய அளந்தாலும் எடையில் குறைவு, இனிப்பும் குறைவு. ஒரு ஆழாக்குக்கு மேலே ஒரு குத்து சேர்ப்பாள். சத்தூவின் கனமான வாசனைக்கு ஏலக்காய் போதவில்லை என்று ஒரு வருஷம் சுக்குப்பொடி துளி சேர்த்தாள், அதுவும் நிலைத்துவிட்டது. இப்படி ஒவ்வொன்றாக நகர்ந்து, ஊர் மாலாட்டில் மிச்சம் இருந்தது அண்டிப்பருப்பும் பித்தளை ஆழாக்கும்தான்.

நம் தீபாவளி நரக சதுர்த்தசி விடியலில். டில்லிக்காரர்களுக்கு அமாவாசை மாலை லட்சுமி பூஜை. அநேக வருஷங்களில் நமக்கு ஒருநாள் முந்தி வரும். அவர்கள் இன்னும் ஒட்டடை அடித்துக்கொண்டிருக்கும்போது, காலை நாலரை மணிக்கு, எண்ணெய்த் தலையோடு நாங்கள் கீழே சரம் வெடிப்போம். "மதராசிகளுக்குப் பைத்தியம்" என்று போர்வைக்குள்ளிருந்து சொல்லியிருப்பார்கள். எட்டு மணிக்கு மாலாட்டுத் தட்டு வீடு வீடாகப் போகும்போது அதை மறந்துவிடுவார்கள். அடுத்த நாள் சாயங்காலம் அதே தட்டுகளில் கீல் என்கிற நெல்பொரியும், பதாசு என்கிற சீனி வில்லைகளும், சர்க்கரையில் வார்த்த யானை குதிரைகளும், காஜு பர்ஃபியும் வரும். காலித் தட்டு திரும்பியதே இல்லை.

அந்த வழக்கத்தால்தான் மாலாடு கடல் தாண்டியது. அப்பாவுக்குத் தமிழ்ச் சங்கத்தில் பழக்கமான ஒருவர் அமெரிக்கத் தூதரகத்தில் ஸ்டெனோகிராஃபர். ஒரு டிசம்பரில் அவர் ஒரு வட்டத் தகர டப்பாவோடு வந்தார். அவருடைய மேலதிகாரியின் மனைவி கிறிஸ்துமஸுக்குச் செய்து ஊழியர்களுக்கெல்லாம் கொடுத்தது. இவர் வீட்டில் சர்க்கரை வியாதிக்காரர்கள் அதிகம் என்பதால் எங்களுக்குப் பாதி. கறுப்பாக, கரடுமுரடாக, கரண்டியால் அள்ளி வைத்த மாதிரி வில்லைகள். முட்டை இல்லை, அடுப்பில் வேகவைக்கவும் இல்லை, அந்த அம்மாளுடைய பாட்டி காலத்துப் பக்குவம் என்று அவர் சொன்ன பிறகு ஆச்சி ஒன்றைக் கையில் எடுத்தாள்.

செய்முறையையும் அவர் கேட்டு வந்திருந்தார். சீனி, பால், வெண்ணெய், கோகோப் பொடி நான்கையும் சேர்த்துக் கொதிக்கவிட வேண்டும். தளதளவென்று கொதி வந்து ஒரு நிமிஷம் ஆனதும் இறக்கி, வேர்க்கடலையை வெண்ணெயாக அரைத்த விழுதும் ஓட்ஸும் போட்டுக் கிளறி, மெழுகுக் காகிதத்தில் கரண்டி கரண்டியாக வைத்து ஆறவிட வேண்டும். அவ்வளவுதான். அந்த ஒரு நிமிஷம் முக்கியம்: முந்தினால் வில்லை இறுகாமல் பிசுபிசுக்கும், பிந்தினால் உதிர்ந்துபோகும்.

ஆச்சி ஒரு ஓரத்தைக் கடித்து, நிதானமாக மென்று, "பாகு அரைப் பதம் மிஞ்சிட்டு. கடலை நல்ல கடலை" என்றாள். அவ்வளவு தூரத்தில் இருக்கிற ஒரு பாட்டியின் பக்குவத்தில் இவள் குற்றம் கண்டது எனக்கு வெட்கமாக இருந்தது. அப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உண்மையில் அதைவிடப் பெரிய மரியாதை ஆச்சியிடமிருந்து யாருக்கும் கிடைத்ததில்லை. கடையில் வாங்கிய இனிப்பைப் பற்றி அவள் பதம் பேசமாட்டாள், தள்ளி வைத்துவிடுவாள்.

டப்பாவைச் சும்மா திருப்பிக் கொடுக்க முடியாதல்லவா? தீபாவளி முடிந்து ஒரு மாசத்துக்கு மேல் ஆகியிருந்தது, சத்தூ மிச்சம் இருந்தது. மறுபடியும் நெய் காய்ந்தது. மாலாடு நிரப்பிய டப்பா சாந்தி பத் பக்கம் போயிற்று. ஒரு வாரத்தில் சீட்டு வந்தது: மிகவும் பிடித்தது, எப்படிச் செய்வது என்று எழுதித் தர முடியுமா?

அப்பா இதை அரசாங்க வேலை மாதிரி எடுத்துக்கொண்டார். ஆச்சியை நாற்காலியில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டார். ஆழாக்கைத் தண்ணீரால் அளந்து கப் கணக்குக்கு மாற்றினார். வீட்டில் இருந்த பழைய ரெமிங்டனில், நல்ல குமாஸ்தா இங்கிலீஷில், ஒன்று இரண்டு என்று எண் போட்டு அடித்தார். சத்தூ, பூரா இரண்டுக்கும் எங்கே வாங்குவது என்ற குறிப்பு. அமெரிக்காவுக்குத் திரும்பிய பிறகும் செய்ய வேண்டும் அல்லவா, அதனால் மாற்றுச் சீனி என்ன என்ற குறிப்பு. கடைசியில் தன் சொந்த யோசனையாக, 'பரிமாறும் முன் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம்' என்று ஒரு வரி. ஆச்சிக்கு அதைப் படித்துச் சொல்லவில்லை. கார்பன் வைத்து அடித்ததில் ஒரு நகல் வீட்டில் தங்கியது.

எங்கள் குடும்பத்தில் மாலாடு பற்றி எழுதப்பட்டது அந்த ஒரு தாள்தான். அம்மாவும் ஆச்சியும் எதையும் எழுதி வைத்தவர்கள் இல்லை. 1982 ஆசிய விளையாட்டைக் கலர் டிவியில் பார்த்துவிட்டு ஆச்சி ஊருக்குத் திரும்பினாள், இனிக் குளிர் தாங்காது என்று. அங்கே போயும் யாராவது டில்லியிலிருந்து வந்தால் பூராவும் சத்தூவும் கேட்டு இன்லாண்ட் லெட்டர் எழுதவைப்பாள். பொட்டுக்கடலை அரைத்த ஊரிலேயே உட்கார்ந்துகொண்டு பிஹார் மாவு கேட்கிறாளே என்று அத்தை வீட்டில் கேலி. அவள் போன பிறகு, யார் மாலாடு பிடிக்க நினைத்தாலும் அப்பாவுடைய தாளைத்தான் எடுத்தார்கள். தாள் ஜெராக்ஸ் ஆயிற்று, பிறகு ஃபாக்ஸ், பிறகு வாட்ஸாப்பில் மங்கலான படம். இன்று மயூர் விஹாரில் எனக்கு வீட்டுப் பக்கத்துக் கடையிலேயே புதுப் பொட்டுக்கடலை கிடைக்கிறது. ஆனாலும் தாளில் சத்தூ என்று இருப்பதால் நானும் சத்தூதான் வாங்குகிறேன். ஒரு அமெரிக்க அம்மாளுக்காக அடித்த வரிகள்தான் எங்கள் பாரம்பரியம். சொல்லவே கொஞ்சம் வேடிக்கையாக இருக்கிறது.

அந்தத் தாளில் ஒரு குறை உண்டு. அப்பா ஒரு உருண்டைகூடப் பிடித்ததில்லை. அதனால் குழி பறித்துப் பிடிப்பிடியாக நெய் விடுகிற விஷயம் அதில் இல்லை. 'உருக்கிய நெய் அரைக் கப் சேர்த்துக் கலக்கவும்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். தாளை நம்பிச் செய்தவர்கள் எல்லோரும் முதல் தடவை சப்பை உருண்டைதான் பிடித்திருக்கிறார்கள்.

போன தீபாவளிக்கு நியூ ஜெர்சியிலிருந்து தம்பி மகள் கூப்பிட்டாள். சத்தூ அங்கே இந்தியக் கடையில் புரோட்டீன் மாவு என்று பாக்கெட்டில் வருகிறதாம். தாளில் சொன்னபடியே எல்லாம் போட்டுவிட்டாள். உருண்டை நிற்கவில்லை, கூழாக இருக்கிறது. என்ன செய்ய? நான் குழி, கரண்டி, இறுக்குவது எல்லாம் சொன்னேன். ஆனால் நெய் முழுக்க உள்ளே போய்விட்ட பிறகு அதனால் பயன் இல்லை. இன்னும் கொஞ்சம் மாவு சேர்த்துப் பார் என்றேன். பாக்கெட் தீர்ந்துவிட்டது என்றாள்.

ராத்திரி படம் அனுப்பினாள். தட்டில் பரப்பி, அழுத்தி, குளிர்சாதனப் பெட்டியில் இறுகவிட்டு, பிஸ்கட் வெட்டுகிற அச்சால் நட்சத்திரம் நட்சத்திரமாக வெட்டியிருந்தாள். மேலே பிஸ்தா. பார்க்க நன்றாகவே இருந்தது. குடும்பக் குழுவில் எல்லோரும் கை தட்டினார்கள். பாளையங்கோட்டை அத்தைக்கு இப்போது தொண்ணூறு தாண்டிவிட்டது. அத்தை வீட்டு மதினி போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டியிருக்கிறாள். வெகுநேரம் பார்த்தாளாம். பிறகு கேட்டது ஒன்றே ஒன்று:

"அந்தப் பிள்ளை நெய்ய எங்கன வாங்கினா?"